மேகம் காலைத் தாங்காத இடம்

மனிதர்கள் மேகத்தின் மேல் குடியிருக்கும் ஒரு மிகுபுனைவு நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எப்படித் தாங்கும்?" மந்திரம் என்றால் முகம் சுருங்குகிறது. அறிவியல் என்றால் சந்தேகம் வருகிறது. இரண்டுமே நியாயம்தான். ஆனால் எழுதுகிறவனுக்கு இதைவிட உதவும் கேள்வி வேறு. எங்கே தாங்காது? யாரைத் தாங்காது? எந்த நேரத்தில் தாங்காமல் போகும்? எல்லா இடத்திலும், எல்லாரையும், எப்போதும் தாங்குகிற மேகத்தை உருவாக்கினால் நம் கையில் மிஞ்சுவது வெள்ளையடித்த தரை. தரையைப் பற்றி எழுத மேகம் எதற்கு?

பழைய கதைக்காரர்களுக்கு இந்த விஷயம் நன்றாகவே தெரிந்திருந்தது. சீனத்தின் 'மேற்கு நோக்கிய பயணம்' 16-ஆம் நூற்றாண்டு நாவல். அதில் குரங்கு வீரன் சுன் வூகோங் மேகத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டால் 1,08,000 லி தூரம் போய்விடுவான். அவன் துணைபோகும் துறவி புத்தசூத்திரங்களைத் தேடிப் போகவேண்டிய தூரமும் அதே 1,08,000 லி! அப்படியானால் துறவியை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒரே தாவில் போய் வந்திருக்கலாமே? பன்றி முகச் சீடன் ஓர் ஆற்றங்கரையில் இதையே கேட்கிறான். சாதாரண மனித உடல் மலை மாதிரி கனம், மேகம் ஏற்காது என்று பதில் வருகிறது. அந்த ஒரு மறுப்பில்தான் நூறு அத்தியாயங்கள் நிற்கின்றன. அகிரா தொரியாமா 1984-இல் தொடங்கிய 'டிராகன் பால்' காமிக்ஸ் இதே மேகத்தை எடுத்துக்கொண்டு மறுப்பை மட்டும் மாற்றியது. மனதில் கள்ளமில்லாதவன் மட்டுமே அதில் நிற்க முடியும். மேகத்தைப் பரிசாகக் கொடுத்த கிழட்டு குருவே ஏறிப் பார்த்துப் பொத்தென்று விழுகிறார்.

நம் முப்புரக் கதையும் இந்த வகைதான். பொன், வெள்ளி, இரும்பு என்று மூன்று பறக்கும் கோட்டைகள். மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் கணத்தில், ஒரே அம்பால் மட்டுமே அழியும். வரம் வாங்கிய அசுரர்கள் அதைப் பாதுகாப்பு என்று நினைத்தார்கள். கதைசொல்லிக்கு அதுதான் வாசல். வானத்தில் தொங்கிய கோட்டையை அழித்த சோழனைப் பற்றிச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. அந்தக் கோட்டை எதனால் தொங்கியது என்று யாரும் விளக்கவில்லை. அது விழுந்தது என்பதைச் சொன்னார்கள், போதுமாக இருந்தது.

ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-இல் கல்லிவரை லபூட்டா என்ற மிதக்கும் தீவுக்கு அனுப்பினார். அதற்கு ஒரு பெரிய காந்தக்கல்லைக் காரணமாக வைத்தார். அத்தோடு நிற்கவில்லை. தன் நாட்டு எல்லையைத் தாண்டி அந்தத் தீவு போக முடியாது, நான்கு மைலுக்கு மேல் உயர முடியாது. கலகம் செய்யும் ஊரின் மேல் அரசன் தீவை நிறுத்தி வெயிலையும் மழையையும் மறிப்பான். அப்போதும் அடங்காவிட்டால் தீவையே ஊரின் மேல் இறக்கி நசுக்கலாம். ஆனால் அடிப்பாறை விரிசல் விட்டுவிடுமோ என்று அவனுக்கே பயம். நான் இந்தத் தொழிலில் கற்றதில் பாதி அந்தப் பயத்திலிருந்து கற்றது. மேலே இருப்பவனுக்கும் ஒரு கலக்கம் இருந்தால்தான் கீழே இருப்பவனுக்குக் கதை உண்டு.

சரி, என் மேகத்துக்கு வருகிறேன். எனக்கு நானே விதித்துக்கொண்ட நிபந்தனை ஒன்று: ஒரே ஒரு பொய்தான் சொல்லலாம். மற்றதெல்லாம் மேகத்தின் சொந்தக் குணமாகவே இருக்கவேண்டும். அதற்கு முதலில் மேகத்தின் குணம் தெரிய வேண்டும்.

நல்ல வெயில் நாளில் பஞ்சுப்பொதியாக நிற்கும் திரள்மேகத்தில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய அரை கிராம் தண்ணீர்தான் இருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு கிலோமீட்டர் என்று வைத்தால் மொத்தம் 500 டன். இவ்வளவு எடை எப்படி மேலே நிற்கிறது என்று வியப்பவர்கள் அதே இடத்தில் இருக்கும் காற்றின் எடையைக் கணக்குப் பார்ப்பதில்லை. இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ. ஆக அந்த மேகத்துக்குள் இருக்கும் காற்று பத்து லட்சம் டன். தண்ணீர் அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு துளியும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு அகலம். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் அது விழுகிறது. கீழிருந்து ஏறும் காற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மேகத்தின் அடி தட்டையாக இருப்பதை ரயிலில் போகும்போது கவனித்திருக்கலாம். ஏறும் காற்று குளிர்ந்து அதன் ஈரம் துளியாகும் உயரம் அந்த வட்டாரம் முழுக்க ஏறத்தாழ ஒன்றுதான். அந்த உயரத்தில் மேகம் தொடங்கிவிடுகிறது. மேடுபள்ளமெல்லாம் மேல்பக்கம்தான். நடக்கிறவனுக்கு இது முக்கியமான செய்தி. அவனுக்குக் கிடைப்பது சமவெளி இல்லை, பொழுதெல்லாம் வடிவம் மாறும் குன்றுகள்.

இனி அந்த ஒரே பொய். என் மேகத்துக்குள் ஒரு பாசி வளர்கிறது. சிலந்தி நூலைவிட மெல்லிய இழைகளாகப் பின்னிக்கொண்டு துளிகளைப் பிடித்துவைக்கிறது. இடையிடையே மிதவைப் பைகள். கடற்பாசிகளில் சிலவற்றுக்குக் காற்றுப்பை இருப்பதால் இது முழுப்பொய்யும் இல்லை. பைக்குள் என்ன வாயு? ஹீலியத்தை எந்த உயிரும் தயாரிப்பதில்லை. ஹைட்ரஜனைத் தயாரிக்கும். பச்சைப்பாசி சில சூழ்நிலைகளில் ஹைட்ரஜனை வெளிவிடும் என்பதை ஹான்ஸ் காஃப்ரான் 1939-இலேயே கண்டறிந்தார். ஆகவே ஹைட்ரஜன்.

நிலத்தில் இதற்கு நெருங்கிய உறவு மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் இருக்கிறது. அங்கே ஃபும்டி என்று சொல்லப்படும் மிதக்கும் திட்டுகள், செடியும் வேரும் மட்கியதும் பின்னிப்பிணைந்து உண்டானவை. ஐந்தில் ஒரு பங்குதான் நீருக்கு மேல் தெரியும். மீனவர்கள் அதன் மேல் குடிசை போட்டிருக்கிறார்கள். கெய்புல் லாம்ஜாவோ தேசியப் பூங்காவே அப்படியொரு மிதக்கும் காடு. சங்காய் மான்கள் மேய்வது அதன் மேல்தான். 1975-இல் எண்ணியபோது அந்த மான்கள் வெறும் 14. அந்தத் திட்டில் நடப்பது தளர்ந்த கயிற்றுக் கட்டிலில் நடப்பது மாதிரி. ஓர் அடி வைத்தால் பக்கத்தில் நிற்பவனும் அசைவான். கோடையில் நீர் வற்றும்போது திட்டு ஏரியின் அடியில் போய் அமரும். வேர்கள் மண்ணைத் தொட்டு உரம் எடுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் மறுபடி மிதக்கும். 1983-இல் இத்தாய் தடுப்பணை வந்தபின் ஏரியில் எப்போதும் நீர் நிற்கிறது, திட்டு தரையைத் தொடுவது குறைந்து மெலிந்துவருகிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்றே என் மேகத்துக்கு ஒரு பசி வந்துவிட்டது. அதுவும் ஆண்டுக்கொருமுறை மலைச்சரிவில் இறங்கி, வேர்பதித்துத் தின்றுவிட்டு எழுந்தாக வேண்டும்.

அடுத்தது எடை. நான் கணக்கில் புலி இல்லை. ஆனால் மிகுபுனைவில் கணக்குபோல் கதை கொடுக்கும் தோழன் வேறு யாருமில்லை என்பது என் அனுபவம். இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் 60 கிலோ மனிதர் ஒருவரைத் தூக்க ஏறக்குறைய 65 கன மீட்டர் ஹைட்ரஜன் வேண்டும், அதாவது ஐந்து மீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை. மேகத்தில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் பைகள் என்று வைத்தேன். ஒரு கோடி கன மீட்டர். ஹிண்டன்பர்க் வான்கப்பலில் இருந்தது இரண்டு லட்சம். அப்படி ஐம்பது கப்பல்கள். மொத்தத் தூக்கும் திறன் 9,000 டன்னுக்குச் சற்று மேல். மீதி தொண்ணூற்றொன்பது பங்கு மேகம் மேகமாகவே இருக்கலாம் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் 9,000 டன்னை ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புக்குப் பங்கிட்டால் சதுர மீட்டருக்கு 9 கிலோதான் வருகிறது. பாசியும் அது பிடித்த தண்ணீரும் 7 கிலோ எடுத்துக்கொண்டால் மிச்சம் இரண்டு கிலோ. ஒருவர் நிற்க 30 சதுர மீட்டர் வேண்டும். அந்த எண்ணைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் நடந்தேன். கூட்டம் சேர முடியாத ஊர்! தேரோட்டம் இல்லை, சந்தை நெரிசல் இல்லை, அரசனுக்கு ஊர்வலம் இல்லை. பஞ்சாயத்து கூடினால் ஆளுக்கு ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று கத்திப் பேச வேண்டும், ரகசியமே பேச முடியாது. கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதே ஒரு துணிச்சல். அந்த நேரத்துக்கு உறவுக்காரர்கள் எல்லாரும் விலகிப்போய் இடம் கொடுக்க வேண்டும். விலகுவதுதான் அங்கே சீர்வரிசை. இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, வகுத்தல் கணக்குக் கொடுத்தது.

இன்னொன்றும் கொடுத்தது. தண்ணீரில் படகு கொஞ்சம் அமிழ்ந்தால் உடனே தூக்கும் விசை கூடிவிடும். காற்றில் அப்படி இல்லை. உயரம் ஒரு கிலோமீட்டர் குறைந்தால்தான் காற்றின் அடர்த்தி பத்து சதவீதம் அளவு கூடும். ஆக எடை ஒரு சதவீதம் ஏறினால் மேகம் மொத்தமும் நூறு மீட்டர் இறங்கிப் புதிய சமநிலையில் நிற்கும். பைகள் விறைப்பாக இருந்தால் இது சரி, விரிந்து சுருங்கினால் ஆபத்து. என் பைகள் விறைப்பானவை என்று எழுதிவிட்டேன். எழுதுகிறவனுக்கு இந்த அளவு சலுகை உண்டு. இப்போது ஆயிரம் பேர் வாழும் மேகத்தைப் பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்றால் வருடத்துக்கு 146 டன். அறுவடை முடிந்து, மேகம் இறங்கும் சரிவில் வாழும் மலைக்காரர்களிடம் அரிசி வாங்கி ஏற்றியதும் ஊர் 150 மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும். தின்னத் தின்ன மெல்ல ஏறும். வருடக் கடைசியில், குதிர் காலியாகும் மாதத்தில், ஊர் மிக உயரத்தில் ஒரு பாகை கூடுதல் குளிரில் நிற்கும். மலைக்காரர்கள் அண்ணாந்து பார்த்தாலே மேலே எவ்வளவு அரிசி மிச்சமிருக்கிறது என்று தெரிந்துவிடும். பேரம் பேச வருகிறவனின் குதிருக்குள் எதிராளி எட்டிப் பார்க்கும் ஊர் அது.

தாழாமல் இருக்க வேண்டுமென்றால் எடைக்கு எடை தண்ணீரைக் கொட்டலாம். அதைக் கீழே உள்ளவனுக்கு விற்கலாம். அரிசி மேலே, மழை கீழே. கேட்க அழகான பண்டமாற்று. கணக்குப் போட்டால் 146 டன் தண்ணீர் என்பது ஒரே ஒரு ஏக்கரில் 36 மில்லிமீட்டர் மழை. ஏறக்குறைய நூறு ஏக்கர் விளைச்சலுக்கு விலை ஒரு ஏக்கருக்கு ஒரு நல்ல மழை! இதை மலைக்காரன் ஏன் ஒத்துக்கொள்கிறான்? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் நாவலின் முதல் பாகம் முழுவதும் ஓடுகிறது. இதற்குமேல் இங்கே சொல்லக்கூடாது.

ஹைட்ரஜன் என்று முடிவெடுத்ததும் அடுப்பு போய்விட்டது. காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் அது தீப்பற்றும். 1937 மே மாதம் அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் ஹிண்டன்பர்க் எரிந்து 36 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலில் புகைபிடிக்கத் தனி அறை இருந்தது என்றால் நம்புவீர்களா? வெளியிலிருந்து வாயு உள்ளே வராதபடி காற்றழுத்தம் கூட்டிய அறை, உள்ளே ஒரே ஒரு மின் லைட்டர். மனிதன் எதை விட்டாலும் பழக்கத்தை விடமாட்டான் என்பதற்கு நான் குறித்துவைத்திருக்கும் சாட்சி அது. என் ஊரில் நெருப்பு கிடையாது, இரும்பும் கிடையாது. வெடிமருந்து ஆலைகளில் பொறி பறக்காதிருக்கச் செம்பும் பித்தளையும் பயன்படுத்தினார்கள், அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். சோறு? மேகத்தின் மேல்பரப்பு வெயிலைப் பெரும்பகுதி திருப்பி அனுப்புகிறது, தடித்த மேகமென்றால் எண்பது சதவீதத்துக்கும் மேல். வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. பளபளக்கத் தேய்த்த பித்தளைத் தாம்பாளங்களைச் சாய்த்து வைத்து வெயிலைக் குவித்து வேகவைக்கிறார்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும், அரிசி சீக்கிரம் வேகாது. ஆகவே சூடான சாப்பாடு மதியம் மட்டும். இரவு அவல், முளைப்பயறு, கருவாடு, தேன். மலைக்கு இறங்கிப் போகும் இளைஞன் முதல்முதலில் ராத்திரியில் சுடச்சுடச் சோறு தின்கிறான். அவன் திரும்பி வருவானா என்று ஊர் கவலைப்பட அது போதுமான காரணம்.

அதே வெயில் கண்ணையும் கெடுக்கும். பனிப்பிரதேச மக்கள் எலும்பில் கீறல் விட்டுக் கண்காப்பு செய்துகொண்டது போல இவர்களுக்கும் ஒன்று வேண்டும். வெயில் கீழிருந்தும் அடிப்பதால் தாடையின் அடிப்பக்கம் கறுக்கும். மேகத்துக்காரனைத் தரையில் அடையாளம் கண்டுபிடிக்க எனக்கு வேறு மச்சம் எதுவும் தேவைப்படவில்லை.

காற்றைப் பற்றி எழுதும்போது நல்ல எழுத்தாளர்கள்கூடக் கூந்தல் பறக்கவிடுகிறார்கள். மேகம் காற்றோடு போவது. அதன் மேல் நிற்பவனுக்குக் காற்றே தெரியாது. பலூனில் பறந்தவர்கள் எல்லாரும் சொல்வது இது, கூடைக்குள் தாள் அசையாது. என் ஊரில் துணி காய வெயில் உண்டு, வீசும் காற்று கிடையாது. ஆனால் மலையில் நங்கூரம் போட்ட மறுகணம் காற்று வீசத் தொடங்கும். வருடத்தில் அந்தச் சில வாரங்கள்தான் குழந்தைகளுக்குக் காற்று என்றால் என்னவென்று தெரியும். நங்கூரத்தை எடுத்தால் ஊர் எங்கே போகும்? மணிக்கு 20 கிலோமீட்டர் காற்றென்றால் ஒரே நாளில் 480 கிலோமீட்டர். திரும்பி வர வழி வேண்டுமே. இதற்கு நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் போய் வடகிழக்குப் பருவக்காற்றில் திரும்புவதை நம் கடல் வணிகர்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே செய்தார்கள். அந்த இரண்டு காற்றையும் என் உலகத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டேன்.

நிழலுக்கு ஆதாரம் கொடைக்கானல். அங்கே கோக்கர்ஸ் வாக் நடைபாதையில், பின்னால் வெயிலும் முன்னால் பள்ளத்தில் மேகமும் அமைந்தால், உங்கள் நிழல் மேகத்தின் மேல் பூதாகாரமாக விழும், தலையைச் சுற்றி வண்ண வளையத்தோடு. பக்கத்தில் நிற்பவரின் நிழலும் தெரியும், ஆனால் வளையம் உங்கள் தலைக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு அவர் தலையில். மேகத்திலேயே வாழ்கிறவர்களுக்கு இது தினசரிக் காட்சி. ஒவ்வொருவரும் தன்னை மட்டும் ஒளிவட்டத்தோடு பார்க்கும் ஊரில் எப்படிப்பட்ட சாமியார்கள் தோன்றுவார்கள் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

வில்லனுக்கு நான் ஆள் தேடவில்லை. இடிமேகம் போதும். 1959-இல் அமெரிக்கப் படைவிமானி வில்லியம் ரான்கின் ஓர் இடிமேகத்துக்கு மேலே 47,000 அடியில் விமானத்திலிருந்து குதிக்க நேர்ந்தது. சில நிமிடங்களில் இறங்கவேண்டியவர் நாற்பது நிமிடம் கழித்துத் தரை சேர்ந்தார். உள்ளே ஏறுகாற்று பாராசூட்டோடு அவரைத் திரும்பத் திரும்ப மேலே தூக்கி எறிந்தது, ஆலங்கட்டி அடித்தது. உயிர் பிழைத்து அதைப் புத்தகமாகவும் எழுதினார். நெருப்பைக் கண்டு நடுங்கும் ஒரு ஹைட்ரஜன் ஊரின் அடிவானத்தில் அப்படி ஒன்று கறுத்து எழுந்தால், தப்பிக்கத் துடுப்பும் இல்லை, பாயும் இல்லை. தண்ணீரைக் கொட்டி ஏறலாம், பையைக் கிழித்து இறங்கலாம். எந்த உயரத்தில் எந்தத் திசைக்குக் காற்று என்று தெரிந்த கிழவி ஒருத்தி இருந்தால் ஊர் பிழைக்கும். அவள் சொல்லைக் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

கையெழுத்துப் பிரதியை என் அக்கா மகள் படித்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை. ஹைட்ரஜன் கணக்கையெல்லாம் ஒரே வீச்சில் தாண்டிவிட்டு, "மாமா, அவங்கல்லாம் கக்கூஸ் எங்க போவாங்க?" என்றாள்.

"கீழதான் விழும்."

"கீழ இருக்கறவங்க சும்மாவா விடுவாங்க?"

விமர்சகர் யாரும் கேட்காத கேள்வி. அதோடு ஸ்விஃப்ட் கேட்ட கேள்வியும் அதுதான், தலைகீழாக. மேலே இருப்பவன் கைவிடும் எதுவும் கீழே ஒருவன் தலையில்தான் விழும். கழிவைப் பாசிக்கே உரமாக்கிவிட்டேன், அது சுலபம், பாசிக்கும் பசி. ஆனால் அவள் கேள்வி இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது: செத்தவர்களை என்ன செய்வது? எரிக்க நெருப்பு இல்லை. புதைக்கச் சதுர மீட்டருக்கு ஏழு கிலோ பாசியில் ஆழம் இல்லை. கீழே விடுவது மரியாதை இல்லை. மலையில் நங்கூரமிடும் காலம் வரை உடலை வெயிலில் உலர்த்தி வைத்திருந்து, அங்கே புதைக்க இடம் கேட்கிறார்கள். மலைக்காரர்கள் இதுவரை எடைக்கு எடை என்ற அநியாயமான பேரத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள். இப்போது முதல்முறையாக மேகத்துக்காரனுக்கு நிலம் தேவைப்படுகிறது. ஆறடி நிலத்துக்கு அவர்கள் கேட்கும் விலை தண்ணீர் இல்லை. சாமை கதிர்விடும் மாதத்தில் தங்கள் சரிவின் மேல் நிழல் விழக்கூடாது என்கிறார்கள். அந்த மாதத்தில்தான் பாசிக்குப் பசி உச்சம், ஊர் இறங்கியே ஆகவேண்டும். இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.